கல்மந்து கோப்பையும் காத்தமுத்துவின் மன்னிப்பும்

குன்னூரிலிருந்து மேலே பதினோரு கிலோமீட்டர் ஏறினால் கல்மந்து. அங்கே வருஷத்துக்கு ஒரு நாள் குதிரைப் பந்தயம் ஓடும். மீதி நாளெல்லாம் அந்தப் பந்தயத்தின் பெருமை ஓடும். குதிரைகள் ஓடி முடிக்க இரண்டரை நிமிஷம் ஆகிறது. பெருமைக்கோ ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஏழு துணைக்குழு, கணப்பு எரியும் ஒரு பெரிய ஹால் எல்லாம் தேவைப்படுகின்றன. கல்மந்து டர்ஃப் கிளப் என்று பெயர்.

அந்த கிளப்பின் மரபுகளைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. ரெண்டொன்று மட்டும் சொல்கிறேன். முதல் பந்தயத்தன்று பியூகிள் ஊதியவனுக்குச் சளி பிடித்திருந்தது. மூன்றாவது சுரம் பிசகிவிட்டது. அன்றிலிருந்து அந்த இடத்தில் பிசகித்தான் ஊத வேண்டும். இப்போது ஊதுகிறவர் முறையாகச் சங்கீதம் படித்த மனுஷன், பாவம். சரியாகப் பிசகுவதற்கு வருஷா வருஷம் மூன்று மாதம் பயிற்சி எடுக்கிறார்.

முதல் பந்தயத்தில் மூன்றாம் நடுவருக்குக் காது கேட்காது. ஆகவே இன்றைக்கும் மூன்றாம் நடுவருக்குக் காது கேட்கக்கூடாது. இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் கோயம்புத்தூரில் பேர்போன காது டாக்டர். அதனாலென்ன, பந்தயத்தன்று காலை பத்து மணி முதல் அவருக்குக் காது கேட்காது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அவரும் மனசாட்சிப்படி நடந்துகொள்கிறார்.

இதெல்லாம் சில்லறை. கிளப்பின் தலையாய மரபு மன்னிப்பு. முதல் பந்தயத்தில் கர்னல் பிளங்கெட் என்பவருடைய 'டச்சஸ்' என்ற குதிரை முன்னால் வந்துகொண்டிருந்ததாம். எல்லைக்கோட்டுக்கு நூறு கஜம் இருக்கும்போது, தலையில் விறகுக்கட்டோடு ஒரு எஸ்டேட் கூலி குறுக்கே போய்விட்டான். டச்சஸ் மிரண்டு கர்னலைப் புல்லில் தள்ளிவிட்டுக் கடைசியாக வந்தது. கூலியைப் பிடித்து மேடைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவன் மன்னிப்புக் கேட்டான். கர்னல் புல்லைத் தட்டிவிட்டு எழுந்து, தொப்பியைத் தூக்கி, "கிராண்டட்" என்றார், மன்னித்தோம் என்று அர்த்தம். அன்று கர்னல் பணம் கட்டியிருந்தது வேறு குதிரை மேலே என்று கிளப்பின் வரலாற்றுப் புத்தகத்தில் பின்பக்கத்துக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அதை யாரும் சத்தமாகப் படிப்பதில்லை.

அன்று முதல் வருஷா வருஷம் கோப்பைப் பந்தயத்துக்கு முன்னால் ஒரு தோட்டத் தொழிலாளி, செருப்பில்லாமல், விறகுக்கட்டோடு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். தலைவர் தொப்பியைத் தூக்கி "கிராண்டட்" சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் குதிரை கிளம்பலாம்.

இந்த ஆர்ப்பாட்டத்துக்குள் காத்தமுத்து வந்து மாட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு இரும்பு கேட்.

காத்தமுத்து பந்தய மைதானத்துக்குக் கீழே இருக்கும் எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் மெஷினைப் பார்த்துக்கொள்பவன். வயது முப்பத்தொன்று. சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய குடும்பம். அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நடுவில் மைதானம். குறுக்கே நடந்தால் பத்து நிமிஷம். அப்படித்தான் ஆளாளுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கிளப் புதுப் புல் பதித்து, சுற்றிலும் வேலி போட்டு, கேட்டைப் பூட்டிவிட்டது. வருஷத்தில் ஒரு நாள் குதிரை மிதிக்கப்போகும் புல்லை மற்ற நாளில் மனுஷன் மிதிக்கலாமா?

ரோடு வழியாகச் சுற்றினால் ஆறு கிலோமீட்டர். நடுவில் இருந்த சின்னப் பாலம் போன மழையில் இடிந்து, ஜீப்காரர்கள் வரமாட்டேன் என்றார்கள். பாலம் இடிவதற்கு முன்பே ஒருமுறை, பக்கத்து லயத்து தெய்வம்மாவின் மகளை வலியோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சுற்றினார்கள். பாதி வழியில் பிரசவமாகிவிட்டது. குழந்தை தங்கவில்லை. அந்த நேரம் பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா டார்ச் லைட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

இப்போது காத்தமுத்துவின் மனைவி ரேணுகாவுக்கு ஒன்பதாம் மாதம். பிரசவம் மே மாதம், பந்தயமும் அதே மே மாதம். "பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. வலின்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷம் இங்க இருக்கணும்" என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த நிமிஷம்! அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டைத் திறந்துவிடச் சொல்லி ஒரு மனு கொடுத்துப் பார்ப்போம் என்று கிளப்புக்குப் போனான்.

வாசலில் வாட்ச்மேன் பொன்ராஜ் இருந்தார். நல்ல மனுஷன். மேஜை இழுப்பறையைக் குடைந்து ஒரு தாளை எடுத்தார்.

"ஏனுங்க தம்பி, எஸ்டேட் ஆளுங்க எழுதிக் குடுக்கறதுன்னா இங்க இந்த ஒரு பாரந்தானுங்க இருக்குது. இதுலயே எழுதிருங்க. பின்னாடி எடமிருக்குது பாருங்க."

முன்பக்கம் முழுக்க இங்கிலீஷ். காத்தமுத்து பேர், லயம், ஃபேக்டரி எல்லாம் எழுதி, பின்பக்கத்தில் கேட் விஷயத்தைத் தமிழில் விவரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

நாலாம் நாள் பதில் வந்தது. கெட்டித் தாள், மேலே குதிரைத் தலை. 'தாங்களாகவே முன்வந்து மன்னிப்புக் கேட்க விண்ணப்பித்த தங்கள் பண்பைக் கண்டு கிளப் நெகிழ்ச்சி அடைகிறது. கடந்த நாற்பது வருஷங்களில் தொழிலாளிகளை எஸ்டேட் நிர்வாகமே முறை வைத்து அனுப்பி வந்தது. தாமாக விண்ணப்பித்த முதல் தொழிலாளி தாங்களே. நேர்காணலுக்கு வரவும்.'

ரேணுகா கடிதத்தை ரெண்டு தரம் படித்தாள்.

"நீ எதுக்கு மன்னிப்பு கேக்கணுமாம்?"

"தெரியல. பாரம் மாறிப்போச்சு போல."

"பின்னாடி எழுதினத யாரும் படிக்கலையா?"

"திருப்பிப் பாத்திருக்க மாட்டாங்க. நான் நேருல சொல்லிட்டு வர்றேன்."

நேர்காணல் பெரிய ஹாலில். சுவரெல்லாம் செத்துப்போன குதிரைகளின் படம். தலைவர் லிங்கசாமி கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனி வைத்திருப்பவர். மே மாதம் வந்துவிட்டால் கம்பளிக் கோட்டும் உயரத் தொப்பியுமாக மாறிவிடுவார். செயலாளர் கீர்த்திவாசன் ஜவுளிக்காரர். விதிப்புத்தகம் அவர் மடியை விட்டு இறங்கியதில்லை.

"முதல்ல வம்சாவளி" என்றார் கீர்த்திவாசன். "டச்சஸுக்குக் குறுக்கே போனவர் உங்க முன்னோர்தான்னு ஏதாவது சான்று இருக்குதுங்களா? வி.ஏ.ஓ. கையெழுத்து இருந்தாப் போதும்."

"எங்க ஆளுக அப்ப சிலோன்ல இருந்தாங்க தொரை. எங்க தாத்தா கப்பல்ல வந்ததே எழுவத்தி மூணுல."

குழு ஆடிப்போய்விட்டது. "அப்படீன்னா இவர் குற்றமே செய்யாத பரம்பரை!" என்றார் ஒரு உறுப்பினர். "குற்றமில்லாதவர் மன்னிப்புக் கேட்டால் செல்லுமா?" என்றார் இன்னொருவர். அரைமணி நேரம் விவாதித்தார்கள். இவருடைய முன்னோர் இங்கே இருந்திருந்தால் கட்டாயம் குறுக்கே போயிருப்பார் என்று கடைசியில் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

"தொரை, நான் வந்தது கேட் விஷயமாங்க" என்றான் காத்தமுத்து. "நாங்கெல்லாம் முந்தி அந்த வழியாத்தான் நடந்தோம். நானும் பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் போனேன். இப்ப வூட்டுக்காரிக்கு நாள் நெருங்கிருச்சு..."

கீர்த்திவாசனின் முகம் மலர்ந்தது. "நீங்களே குறுக்கே போயிருக்கீங்களா? அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதுங்களா? முன்னோரே வேண்டியதில்லையே!"

"அப்ப எல்லாத்துக்கும் சேத்து ஒரே மன்னிப்பா கேட்டுக்கறேனுங்க. கேட்ட மட்டும் தொறந்து வுட்டுருங்க."

"அது எப்படி? ஒரு குறுக்கீடு, ஒரு மன்னிப்பு, ஒரு கிராண்டட். விதி பதினேழு. மொத்தமா மன்னிச்சு அனுப்ப இதென்ன காய்கறி மண்டியா? மைதானத்தை ஒருத்தர் எத்தனை தரம் கடந்தாலும் அத்தனை தரம் தனித்தனியா கேட்கணும். மன்னிப்பு பாக்கி இருக்கிற வரைக்கும் குதிரை கிளம்பக்கூடாது, கேட்டையும் பூட்டக்கூடாது. விதி பதினெட்டு. அவ்வளவு கறாரா இருந்ததாலதானே இத்தனை வருஷம் இந்த மரபு நின்னிருக்குது?"

"அந்த கேட் விஷயமுங்க தொரை..."

"மன்னிப்பு நல்லபடியா முடியட்டும். அப்புறம் கேட்டைப் பத்தி ஒரு துணைக்குழு அமைக்கலாமான்னு யோசிக்க ஒரு குழு போடலாம்."

துணைக்குழு என்றால் ஏதோ ஆகும் என்று அந்த அப்பாவி நம்பிவிட்டான். சரி என்று தலையாட்டினான்.

ஒத்திகை ஒரு வாரம் நடந்தது. நிஜ விறகுக்கட்டுக்கு வனத்துறை அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே தெர்மோகோலில் விறகு செய்து பழுப்புப் பெயின்ட் அடித்தார்கள். அது கனமே இல்லாததால், கனமாக இருப்பதுபோல் நடக்கக் கற்றுக்கொடுக்க ஊட்டியிலிருந்து ஒரு நாடக ஆசிரியர் வந்தார். நடுங்குவதற்குத் தனிப் பயிற்சி.

"இன்னும் கொஞ்சம் பயம் வேணும்" என்றார் நாடக ஆசிரியர். "உங்களுக்கு ரொம்பப் பயமான ஒண்ணை நினைச்சுக்குங்க."

காத்தமுத்து ரேணுகாவை நினைத்தான். கைகால் உதறியது. "பிரமாதம்!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். அவனுக்கு அழுகை வந்தது. அதையும் பிரமாதம் என்றார்கள்.

பந்தயத்தன்று கல்மந்து கொள்ளாத கூட்டம். அந்த வருஷம் ஒரு விசேஷம் வேறு. மன்னிப்பை நாட்டின் மரபுப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்க்க டெல்லியிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு அம்மையார். கையில் நோட்டுப் புத்தகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "நாங்கள் பார்ப்பது ஒன்றே ஒன்று. மரபு உயிரோடு இருக்கிறதா, அல்லது வெறும் வேஷமா?" என்று அவர் சொன்னதிலிருந்து கீர்த்திவாசனுக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. அந்தக் குளிரில்!

லிங்கசாமி மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இந்த மைதானத்தில் பேதம் என்பதே கிடையாது. எங்கள் கிளப்பில் சேர யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் உறுப்பினராக இருந்தால் போதும். எனக்கு மட்டும் விதிவிலக்கு, நான் ஹாலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தேன். தொழிலாளிகளை நாங்கள் ஒருநாளும் மறந்ததில்லை. வருஷம் தவறாமல் அழைத்து வந்து, எல்லோர் முன்னாலும் நிறுத்தி, மன்னிக்கிறோம். எந்த முதலாளி இப்படிச் செய்வான்? என் கம்பெனியில் இருபத்தாறு வருஷத்தில் நான் ஒருத்தனைக்கூட மன்னித்ததில்லை. இங்கே வந்தால்தான் எனக்கு அந்த மனசு வருகிறது. இந்த மண்ணின் மகிமை அப்படி!"

கைதட்டல் அடங்கியதும் பியூகிள் ஒலித்தது. மூன்றாவது சுரம் அழகாகப் பிசகியது. பொன்ராஜ் லயத்துப் பக்கத்துக் கேட்டைத் திறந்தார். காத்தமுத்து தெர்மோகோல் விறகோடு மைதானத்தைக் கடந்து மேடைக்கு வந்து நடுங்கினான்.

"தொரைமாருங்களே, குறுக்க போனது தப்புங்க. மன்னிக்கணுமுங்க."

லிங்கசாமி தொப்பியைத் தூக்கினார். "கிராண்டட்!"

மூன்றாம் நடுவர் காதில் கை வைத்து ஒன்றும் கேட்காததை உறுதி செய்துகொண்டு, பதிவேட்டில் 'கேட்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தோடு முடிந்திருக்க வேண்டும். எல்லா வருஷமும் இத்தோடுதான் முடியும்.

"போகலாம், போகலாம்" என்று கீர்த்திவாசன் விரட்டினார்.

"வேன் எங்கங்க?" என்றான் காத்தமுத்து. மன்னிப்புக் கேட்டவரை ரோடு வழியாக வேனில் கொண்டுபோய் விடுவது வழக்கம்.

"பாலம் இடிஞ்சு கெடக்குது, வேன் எப்படிப் போகும்? இப்படியே மைதானத்துல நடந்து போயிருங்க."

"குறுக்கயா?"

"ஆமா, சீக்கிரம்!"

காத்தமுத்து சொன்னபடி கடந்து கேட் வரை போனான். அங்கே நின்று யோசித்தான். இப்போது ஒரு தரம் கடந்தாயிற்றே, இதற்கு மன்னிப்பு? செயலாளர் அவ்வளவு கறாராகச் சொன்னாரே, பின்னால் இதைக் காட்டி கேட் காரியத்தைக் கெடுத்துவிட்டால்? அவன் திரும்பவும் மைதானத்தைக் கடந்து மேடைக்கு வந்தான். ஜாக்கிகள் அப்போதுதான் குதிரை ஏறியிருந்தார்கள். இறங்கிவிட்டார்கள்.

"இப்ப போனதுக்கு ஒண்ணுங்க, திரும்பி வந்ததுக்கு ஒண்ணுங்க. முந்தி முதல்ல வந்ததுக்கும் ஒண்ணு பாக்கியிருக்குதுங்க" என்று கூனிக்குறுகி நின்றான்.

கீர்த்திவாசன் வாயைத் திறப்பதற்குள் நிபுணர் அம்மையார் எழுந்துவிட்டார். "இதுவும் மரபில் உண்டா?"

உண்டு என்றால் நேரம் போகும். இல்லை என்றால் பட்டியல் போகும். "உண்டுங்க மேடம். விதி பதினேழு" என்றார் கீர்த்திவாசன், செத்த குரலில்.

"அற்புதம்!" அம்மையார் எழுத ஆரம்பித்தார்.

மூன்று மன்னிப்பு, மூன்று கிராண்டட், மூன்று கையெழுத்து. காத்தமுத்து நிம்மதியாகத் திரும்பினான். கேட்டுக்குப் போனதும் பழையபடி சந்தேகம் வந்து, மறுபடி வந்தான். ரெண்டு மன்னிப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அவன் மனசில் கள்ளம் ஒரு துளிகூட இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன், மெஷின் பார்க்கிறவனுக்கு அந்தப் பழக்கம்தான் சோறு போடுகிறது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்திருந்தது. குதிரைகள் நின்று நின்று அலுத்துப்போய், கிளப் உயிராகக் காத்த புல்லை மேயத் தொடங்கின.

அடுத்த தடவை கேட்டுக்குப் போனபோதுதான் தெய்வம்மா ஓடிவந்தாள். லயத்துச் சனம் முழுக்க வேடிக்கை பார்க்க வேலியோரம் நின்றது.

"காத்தமுத்து! ரேணுகாவுக்கு வலி கண்டிருச்சுடா! பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு!"

அவன் கேட்டைப் பார்த்தான். அகலத் திறந்திருந்தது. பொன்ராஜைப் பார்த்தான்.

"பாக்கி இருக்குதா தம்பி?" என்று கேட்டார் பொன்ராஜ்.

"இப்ப வந்ததுக்கு இருக்குதுங்கண்ணே."

"அப்படீன்னா பூட்ட முடியாதுங்களே" என்று பொன்ராஜ் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "ஓடுங்க, ஓடுங்க!"

தெர்மோகோல் விறகு எங்கே விழுந்தது என்று தெரியாது. ரேணுகாவைக் கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கினார்கள். பின்னாலேயே தெய்வம்மா, அவளுக்குப் பின்னால் லயமே கிளம்பிவிட்டது. மேடைக்குப் பக்கத்து வழியாகத்தான் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அந்த வழியை அடைத்துக்கொண்டு விதிப்புத்தகத்தோடு கீர்த்திவாசன் நின்றார்.

"என்னங்க இது? நில்லுங்க! ஒவ்வொருத்தரும் கேட்டுட்டுத்தான் போகணும்!"

"தொரை, வூட்டுக்காரிக்கு முடியல, வழிய வுடுங்க" என்று காத்தமுத்து கும்பிட்டான். இது நடிப்பில்லாத கும்பிடு.

"அவங்களும் கடந்திருக்காங்க. டெல்லிக்காரங்க பாத்துக்கிட்டிருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."

கம்பளிக்குள்ளிருந்து ரேணுகா தலையைத் தூக்கினாள். வலி வந்து போன இடைவெளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை இல்லை, ஒரு நூறு வார்த்தை சொன்னாள். கீர்த்திவாசனில் ஆரம்பித்து, அவர் கையிலிருந்த புத்தகத்துக்குப் போய், அதை எழுதினவனை விசாரித்து, டச்சஸின் தாயார் வரை ஒருத்தரையும் விடவில்லை. "எம் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, ஒங்க புல்ல ஒங்க வாயிலயே திணிப்பேன்!" என்று முடித்தாள். அச்சில் ஏற்ற முடிந்தது அது ஒன்றுதான்.

மைதானம் முழுக்கக் கேட்டது. காது டாக்டருக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவர் நிதானமாகப் பதிவேட்டைத் திறந்து 'கேட்கப்பட்டது' என்று எழுதினார். எழுதிவிட்டு, தொழில்முறை டாக்டர் அல்லவா, ரேணுகாவின் முகத்தைப் பார்த்தார். செயலாளரைத் தோளைப் பிடித்து வழியிலிருந்து தள்ளி நிறுத்தினார். அவர் செய்ததில் மரபில் இல்லாத காரியம் அது ஒன்றுதான். லிங்கசாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை தானாகத் தொப்பிக்குப் போனது.

"கிராண்டட்" என்றார்.

அவர்கள் ஓடிவிட்டார்கள். பின்னால் லயத்துச் சனம் வரிசையில் நின்றது. எண்பது பேருக்குக் குறையாது. அந்தப் பக்கம் எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. ஒருத்தருக்கு சர்க்கரை மாத்திரை, ஒருத்தருக்குப் போஸ்ட் ஆபீஸ், ஒருத்திக்கு ரெண்டு வருஷமாகப் பார்க்காத அக்கா. ஒவ்வொருவரும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய், வேலையை முடித்துக்கொண்டு, திரும்பும்போதும் கேட்டார்கள். சில பேர் சின்ன வயசில் கடந்ததையெல்லாம் ஞாபகப்படுத்திக் கேட்டார்கள். தெய்வம்மா மட்டும் வரிசையில் வந்து, தலைவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான் கடந்ததுக்குக் கேக்க வரல சாமி. எம் மவளக் கடக்க வுடல நீங்க. அதுக்கு யாரு கேக்கணும்?"

லிங்கசாமியின் கை தொப்பி வரை போய் நின்றுவிட்டது. கீர்த்திவாசன் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதற்கு அதில் விதி இல்லை.

நாலு மணிக்குப் பனி இறங்கியது. நாலரைக்கு மேடையிலிருந்து குதிரை தெரியவில்லை. ஐந்து மணிக்கு, கிளப்பின் சரித்திரத்தில் முதல்முறையாக, கோப்பைப் பந்தயம் ஓடாமலே முடிந்ததாக அறிவித்தார்கள். அறிவிப்பை லிங்கசாமியே செய்தார். "குதிரை இன்றைக்கு ஓடும், நாளைக்கு நிற்கும். மரபுதான் முக்கியம். மரபுக்காகப் பந்தயத்தையே தியாகம் செய்த ஒரே கிளப் நம்முடையது" என்றார். ஓயாமல் தொப்பியைத் தூக்கித் தூக்கி அவருக்குத் தோள்பட்டை பிசகியிருந்தது.

அதே நேரம் சுகாதார நிலையத்தில் காத்தமுத்துவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் கால்மணி தாமதித்திருந்தால் ரெண்டு உயிருக்கும் உத்தரவாதமில்லை என்று நர்ஸம்மா சொன்னார். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நாடக ஆசிரியர் கற்றுக்கொடுத்த நடுக்கம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

டெல்லி அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. 'இத்தனை உயிர்த்துடிப்புள்ள மரபை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை. குதிரைகள் அவசியந்தானா என்று கிளப் பரிசீலிக்கலாம். மன்னிப்பைத் தினசரி நிகழ்வாக்கினால் பட்டியலில் சேர்க்கத் தடையில்லை' என்று எழுதியிருந்தது. கிளப் அவசரக்கூட்டம் போட்டு ஏற்றுக்கொண்டது. கேட்டைத் திறந்தே வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. லயத்துச் சனத்துக்காக அல்ல, மன்னிப்புத் தடைபடக்கூடாதே என்பதற்காக. தலைவரின் தோள் இன்னும் சரியாகாததால், கிராண்டட் சொல்லும் அதிகாரம் பொன்ராஜுக்கு வழங்கப்பட்டது. அவருக்கு ஒரு தொப்பியும் ஒரு பதிவேடும் கொடுத்தார்கள். பாலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட காத்தமுத்துவும் ரேணுகாவும் கேட்டுக்கு வந்தபோது, பொன்ராஜ் சங்கடத்தோடு ஒரு கடிதத்தை நீட்டினார். கெட்டித் தாள், குதிரைத் தலை. 'காத்தமுத்து – ரேணுகா தம்பதியரின் பெண் மகவு' என்று விலாசம்.

காத்தமுத்து வாசித்தான். 'போன மாதம் தாங்கள் மருத்துவமனையிலிருந்து மைதானத்தைக் கடந்து வீடு திரும்பியது பதிவாகியுள்ளது. போகும்போது தாயின் கணக்கில் அடங்கிய தாங்கள், திரும்பும்போது தனிநபர் ஆவீர்கள். தங்கள் மன்னிப்பு ஒன்று நிலுவையில் உள்ளது. தங்களுக்குப் பேச்சு வந்ததும் நேரில் ஆஜராகவும்.'

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க" என்றார் பொன்ராஜ். "செயலாளர் பதில் கேக்கறாருங்க. இந்தப் பதிவேட்டுல எழுதிக் குடுக்கோணுமாம். என்னனு எழுதட்டுங்க?"

காத்தமுத்து கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ரேணுகா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எழுதுங்கண்ணே. பேச்சு வந்ததும் கட்டாயம் அனுப்பறோம். ஆனா மன்னிப்பு கேக்க வரமாட்டா. தெய்வம்மாக்கா பேரனுக்குக் கேட்ட ஏன் தொறக்கலன்னு கேக்க வருவா. அதுக்குள்ள ஒரு பதில யோசிச்சு வெக்கச் சொல்லுங்க."

பொன்ராஜ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அவர் வீடும் வேலிக்கு லயத்துப் பக்கம்தான். அவர் மகளுக்கு ஆடியில் பிரசவம் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார்.